கடல் கடந்த கைகள்

நுழையும்முன்

இரு நாடுகளுக்கிடையிலான நட்பைப் பற்றிப் பேசும்போது அரசர்களும் தலைவர்களும் தூதுவர்களுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஒப்பந்தங்களில் கையொப்பமிடுபவர்கள் அவர்கள். ஆனால், அந்த நட்புக்கு அடித்தளம் இட்டவர்கள் வேறு சிலர். அவர்கள் செங்கல் அடுக்கினார்கள், பால்மரம் சீவினார்கள், சாலை போட்டார்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலிருந்து கடல் கடந்து சென்ற உழைப்பாளர்கள் வழியாக இந்தியாவுக்கும் மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்கும் இடையே உறவு வளர்ந்த வரலாற்றையும், அவ்வுறவு நிலைக்க இரு தரப்பும் செய்யவேண்டியவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தில்லையில் ஒரு கல்

சிதம்பரம் நடராசர் கோவிலில் முதற் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதன் காலம் கி.பி. 1114. காம்போச நாட்டு மன்னன் சோழ வேந்தனுக்கு அரிய கல் ஒன்றைக் காட்சிப் பொருளாக அனுப்பினான். வேந்தனின் ஆணைப்படி அக்கல் கோவிலில் எதிரம்பலத்தின் முன்வரிசையில் வைக்கப்பட்டது. இச்செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது. காம்போசம் என்பது இன்றைய கம்போடியா என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இரு நாட்டு அரசர்களின் நட்புக்கு அக்கல் சான்று. அதை அனுப்பியவன் பெயரும் பெற்றவன் பெயரும் வரலாற்றில் இடம்பெறத்தக்கவையாயின. எனினும், அக்கல்லைக் கப்பலில் ஏற்றியவர் யார்? அலைகடலில் அக்கப்பலைச் செலுத்தியவர் யார்? கோவிலில் அதைத் தூக்கிப் பொருத்திய கைகள் யாருடையவை? கல்வெட்டு அவர்களைக் குறிப்பிடவில்லை. பெயர் பொறிக்கப்படாத அத்தகைய கைகளின் வரலாறே நாடுகளின் நட்பு வரலாற்றில் பெரும்பகுதி ஆகும்.

பொருள்வயிற் பிரிவு

பொருள் ஈட்டும்பொருட்டு வீட்டைப் பிரிந்து செல்வதைப் 'பொருள்வயிற் பிரிவு' என்று தமிழ் இலக்கணம் குறித்தது. அப்பிரிவின் துயரைப் பாடுவதற்குப் பாலைத்திணையை வகுத்தது. சங்கத் தலைவன் சுரம் கடந்து சென்றான். பிற்காலத் தமிழன் கடல் கடந்து சென்றான். பிரிவின் காரணம் மாறவில்லை. குடும்பக் கடன், தங்கையின் திருமணம், தம்பியின் படிப்பு, ஓட்டுவீட்டை மாடிவீடாக்கும் கனவு என்று அது இன்றும் தொடர்கிறது.

கடலூர் மாவட்டக் கரைக்கு இப்பயணம் புதிதன்று. கடலூரும் பரங்கிப்பேட்டையும் பழைய துறைமுகங்கள். அங்கிருந்து மரக்காயர்களின் கலங்கள் மலாக்கா நீரிணை வரை சென்று துணி விற்றுத் திரும்பின. பினாங்குத் தீவின் புகழ்பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்டது. அதை நிறுவிய காதர் மொகுதீன் மரக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர் என்பர். அவர் அங்கே தென்னிந்தியச் சமூகத்தின் தலைவராகவும் விளங்கினார். இன்றும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள 'சூலியா' தெருக்கள், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முசுலிம்களை நினைவூட்டுகின்றன.

செங்கல்லும் சுதையும்

1819ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்தனர். அவ்வாண்டே பினாங்கிலிருந்து அங்கு வந்தவர் நாராயண பிள்ளை. வீடுகள் எழும்பத் தொடங்கிய அத்தீவில் செங்கல்லுக்குத் தேவை இருப்பதை அவர் உணர்ந்தார்; அங்கு முதல் செங்கற்சூளையை அமைத்தார். சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஆட்களை வரவழைத்தார். அந்நகரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். 1827இல் அவருடைய முயற்சியால் மாரியம்மன் கோவில் ஒன்று மரத்தாலும் கீற்றாலும் எழுந்தது.

பின்னர் அக்கோவில் செங்கற்கட்டடமாயிற்று. இன்று நாம் காணும் கட்டடத்தின் பெரும்பகுதி 1862–63ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதன் சுதைச் சிற்பங்களை நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற கைவினைஞர்கள் செய்தனர் என்று நம்பப்படுகிறது. தில்லைக்கு ஓர் அயல்நாட்டுக் கல் வந்தது. தில்லையை அடுத்த கரையிலிருந்து ஓர் அயல்நாட்டுக்குச் சுண்ணாம்பும் சுதையும் அறிந்த கைகள் சென்றன. முன்னது அரசன் தந்த பரிசு. பின்னது உழைப்பவர் தந்த பரிசு.

அக்கோவில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. கப்பலைவிட்டு இறங்கி, வேலை கிடைக்கும்வரை தங்க இடமின்றித் தவித்தவர்களுக்கு அது அடைக்கலமாகவும் இருந்தது. அதே சாலையில் தமிழ் முசுலிம்கள் எழுப்பிய சாமிஆ பள்ளிவாசல் உள்ளது. சீனர் மிகுதியாக வாழும் பகுதியின் நடுவே இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் வழிபாட்டைக் கொண்டுசென்றனர். பிறர் வழிபாட்டுக்கு அருகில் வாழும் பழக்கத்தையும் கற்றனர். சிங்கப்பூரின் பல்லினப் பண்புக்கு அதுவும் ஒரு வித்து.

கப்பலேறியவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்தும், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும் மக்கள் திரள்திரளாகச் சென்றனர். கங்காணிகள் தத்தம் சொந்த ஊர்களுக்கு வந்து ஆள் சேர்த்தனர். வறட்சியும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் பலரைக் கப்பலேற்றின. நாகப்பட்டினமும் சென்னையும் அவர்கள் கரையைப் பிரிந்த துறைமுகங்கள்.

அவர்கள் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினர், காட்டைத் திருத்தினர், இருப்புப்பாதையும் சாலையும் அமைத்தனர். ஆனால், கூலி குறைவு. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் மலாயா சென்று தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1938இல் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது. தன் மக்களுக்கு உரிய ஊதியம் இல்லையெனில் அவர்களை அனுப்ப இயலாது என்று தாயகம் கூறியது. அந்தத் தடை ஒரு முக்கியமான திருப்பமாகும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சப்பானியர் சயாம்–பர்மா இருப்புப்பாதையை அமைத்தனர். அப்பணிக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் அங்கு மாண்ட தமிழர்கள் பல்லாயிரவர். இன்றைய மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் வளத்தில் இவர்களின் வியர்வையும் உயிரும் கலந்துள்ளன.

போருக்குப் பின்னரும் கடற்பயணம் தொடர்ந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்தது. அதற்குப் பின் அவ்வழியில் ஓடிய பயணிகள் கப்பலின் பெயர் 'சிதம்பரம்'. 1985இல் நேர்ந்த தீவிபத்துடன் அதன் பயணம் முடிவுற்றது. அக்கப்பல் சுமந்தவை பெட்டிகள் மட்டுமல்ல. இரு கரைகளிலும் காத்திருந்த குடும்பங்களின் செய்திகளையும் அது சுமந்தது.

ஆளுக்கொரு வெள்ளி

உழைக்கச் சென்றவர்கள் தங்கள் மொழிக்கும் அங்கே இடம் தேடினர். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். தமிழர்கள் சென்ற நாட்டில் வேரூன்றி, அந்நாட்டுக் குடிகளாகப் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கி, ஆளுக்கொரு வெள்ளி தருமாறு தமிழர்களிடம் கேட்டார். வெள்ளி என்பது அந்நாட்டு வழக்கில் டாலரைக் குறிக்கும் சொல். நாட்கூலி பெற்ற தொழிலாளர்களும் அந்நிதிக்கு ஈந்தனர்.

அத்துறைக்கு 1961இல் தலைவராக வந்தவர் தனிநாயகம் அடிகள். அவர் யாழ்ப்பாணத்தவர், 1940களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர். அவருடைய முயற்சியால் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. சிதம்பரத்தில் பெற்ற கல்வி, மலாயாத் தொழிலாளி தந்த ஒரு வெள்ளி, ஓர் அயல்நாட்டு அரசின் வரவேற்பு ஆகிய மூன்றும் அம்மாநாட்டில் ஒன்றுகூடின எனலாம்.

தெரிந்து தெளிவோம்

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகள் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகியவை. அந்நாட்டு நாணயத்தாள்களில் தமிழ் எழுத்துகள் இடம்பெற்றுள்ளன. தீபாவளி அங்கே பொது விடுமுறை நாள். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன.

உறவின் இரு கரைகள்

1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. அம்மாதம் 24ஆம் நாளே இந்தியாவும் சிங்கப்பூரும் அரசுறவு கொண்டன. 2005இல் விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இத்தகைய உடன்படிக்கைகள் நம்பிக்கை இல்லாத இடத்தில் முளைப்பதில்லை. தமிழ் ஒலிக்கும் தெருக்களும், தமிழரோடு பழகிய அண்டை வீட்டாரும், தமிழர் உழைப்பைக் கண்ட மூன்று நான்கு தலைமுறைகளும் அந்நம்பிக்கையை முன்னரே உருவாக்கியிருந்தன.

சிங்கப்பூரின் ஆறாம் அதிபராக 1999 முதல் 2011 வரை பணியாற்றிய எஸ். ஆர். நாதன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இளமையில் கப்பல் தொழிலாளர் நல அலுவலராகப் பணிபுரிந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 2023இல் அதிபரான தர்மன் சண்முகரத்தினமும் தமிழ் வழித்தோன்றலே.

தாயகக் கரையிலும் பயன் மிகுதி. 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, தமிழகத்தவர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அயல்நாடுகளில் வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்கள் சென்ற நாடுகளுள் முதலிடம் பெற்றது சிங்கப்பூர். அயல்நாடுகளில் வாழ்வோர் தம் குடும்பங்களுக்கு அனுப்பும் பணத்தைப் பெறும் நாடுகளுள் இந்தியாவே முதலிடத்தில் உள்ளது. 2024ஆம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ 12,900 கோடி அமெரிக்க டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. சிதம்பரம், பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில் வட்டாரங்களில் அப்பணத்தால் எழுந்த வீடுகளையும், அதனால் கல்லூரி சென்ற பிள்ளைகளையும் நாம் நேரில் காணலாம்.

அன்பளிப்பும் உரிமையும்

ஐரோப்பாவிலும் இத்தகைய வரலாறு உண்டு. போருக்குப் பின் மேற்கு செருமனியில் ஆலைகளுக்கு ஆட்கள் போதவில்லை. இத்தாலி, துருக்கி, போர்த்துகல் முதலிய நாடுகளுடன் அந்நாடு ஒப்பந்தம் செய்துகொண்டு தொழிலாளர்களை வரவழைத்தது. துருக்கியுடன் ஒப்பந்தம் ஏற்பட்ட ஆண்டு 1961. அவ்வாறு வந்து கொலோன் நகரின் மகிழுந்து ஆலையில் உழைத்த ஒருவரின் மகன் ஊகுர் சாகின். கொரோனாத் தடுப்பூசியை உருவாக்கிய செருமானிய நிறுவனத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். விருந்தினராக அழைக்கப்பட்ட தொழிலாளியின் மகன் உலகுக்கே மருந்து தந்தார்.

இதன் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். 1964இல் பத்து இலட்சமாவது அயல்நாட்டுத் தொழிலாளராகக் கொலோனில் வந்திறங்கிய போர்த்துகீசியத் தச்சருக்கு மோட்டார் மிதிவண்டி ஒன்று பரிசளிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அவரைக் கொண்டாடின. சில ஆண்டுகளில் அவர் நோயுற்று ஊர் திரும்பினார். தமக்கு நோய்க்கால உதவித்தொகை பெறும் உரிமை உண்டு என்பதை அவர் அறியவில்லை என்பர். சேமிப்பு முழுவதையும் மருத்துவத்துக்குச் செலவிட்டு இறந்தார். அந்த வண்டி இன்று செருமனியின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அன்பளிப்பு ஒருநாள் மகிழ்ச்சி தரும். உரிமையே வாழ்நாள் முழுவதும் காக்கும்.

நட்புக்கு வரும் சோதனைகள்

சிங்கப்பூரிலும் நட்பு சோதனைக்கு உள்ளானது உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, தொழிலாளர்கள் கூடும் லிட்டில் இந்தியாப் பகுதியில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்து மோதி உயிரிழந்தார். திரண்ட கூட்டத்தின் சினம் கலவரமாயிற்று, வண்டிகள் எரிந்தன. பலர் தண்டிக்கப்பட்டனர், பலர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். வன்முறை எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. எனினும், வாரத்தில் ஒருநாள் ஓய்வைக் கழிக்க இவர்களுக்குப் போதிய இடம் உண்டா என்னும் கேள்வியும் அப்போது எழுந்தது.

2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, அந்நாட்டில் நோயுற்றவர்களுள் மிகப்பெரும்பாலோர் விடுதிகளில் நெருக்கமாகத் தங்கியிருந்த தொழிலாளர்களே. நகரை எழுப்பியவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை அந்நாட்டு மக்கள் பலர் அப்போதுதான் உணர்ந்தனர். தம் குடிமக்களைப் போலவே அவர்களையும் கவனிப்போம் என்று அந்நாட்டுப் பிரதமர் உறுதியளித்தார். விடுதிகளின் தரத்தை உயர்த்தும் பணி தொடங்கியது. சரக்குந்தின் பின்புறத்தில் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் வழக்கம் பற்றிய விவாதம் அங்கு இன்றும் நடைபெறுகிறது. குறைகளை மறைக்காமல் பேசுவதும் நட்பின் இலக்கணமே.

தாயகத்திலும் குறை உண்டு. முகவருக்குக் கொடுப்பதற்காக நிலத்தையும் நகையையும் அடகு வைத்துச் செல்பவர், முதல் ஓராண்டு உழைப்பைக் கடனுக்கே ஈடாக்குகிறார். கடன்பட்டவர் தீமையை எதிர்த்துப் பேச அஞ்சுகிறார். இதனினும் கொடியது போலி வேலைவாய்ப்பு. அண்மை ஆண்டுகளில் கணினி வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் சென்ற தமிழக இளைஞர்கள், இணையவழி மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு அல்லலுற்றனர். அரசின் முயற்சியால் பலர் மீட்கப்பட்டனர். ஒருகாலத்தில் நட்பின் அடையாளமாகத் தில்லைக்குக் கல் அனுப்பிய நாட்டிலிருந்து, இன்று நம் பிள்ளைகளின் அழுகுரல் கேட்க நேர்ந்தது வேதனைக்குரியது. அதற்குக் காரணம் நாடுகளின் பகையன்று. எல்லை கடந்து இயங்கும் வஞ்சகர்களின் வலையும் நம்முடைய அறியாமையுமே.

அறிந்து செல்லுதல்

அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். முகவர் பெறத்தக்க கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. சுற்றுலா நுழைவிசையில் சென்று வேலை பார்ப்பது குற்றம். வேலை ஒப்பந்தத்தைத் தாய்மொழியில் கேட்டறிந்து, ஊதியம், வேலைநேரம், தங்குமிடம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை உறுதிசெய்துகொண்ட பின்னரே புறப்பட வேண்டும்.

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர், மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசிடம் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். இது தடையன்று, பாதுகாப்பு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. 2021இல் அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித்துறை அமைக்கப்பட்டது. சனவரி 12ஆம் நாள் அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பெயர் பெற்ற கைகள்

2025 சூலை 26ஆம் நாள் சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரெனப் பள்ளம் விழுந்தது. மகிழுந்து ஒன்று அதனுள் சரிந்தது. அதை ஓட்டிவந்த பெண்மணி நீர் நிரம்பிய பள்ளத்தில் சிக்கினார். அருகிலிருந்த கட்டுமானத் தளத்தின் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் எழுவர் ஓடிவந்து, கயிறு வீசிச் சில நிமிடங்களில் அவரை மேலே இழுத்துக் காத்தனர். அவர்களின் மேற்பார்வையாளர் ஒரு தமிழர். அந்நாட்டு மக்கள் நன்றிப் பெருக்கால் அவர்களுக்காக நிதி திரட்டினர். அதிபர் அவர்களைத் தம் மாளிகைக்கு அழைத்துப் பாராட்டினார்.

அந்தக் கயிற்றின் ஒருமுனை ஒரு நாட்டின் கையிலும் மறுமுனை மற்றொரு நாட்டின் கையிலும் இருந்தது. ஆபத்தில் நீட்டப்பட்ட கையை அந்நாடு நன்றியோடு பற்றிக்கொண்டது. ஆனால், நாள்தோறும் கலவை சுமக்கும்போதும், சாரத்தில் ஏறும்போதும், மாதச் சம்பளத்தைக் கணக்கிடும்போதும் அதே கைக்கு அதே மதிப்புக் கிடைக்க வேண்டும். வேலை தரும் நாடு மாண்பையும், அனுப்பும் நாடு பாதுகாப்பையும், செல்பவர் திறனையும் ஒழுக்கத்தையும் தரும்போது நட்பு உறுதிப்படும்.

1114இல் தில்லைக்கு வந்த கல்லைச் சுமந்தவர் பெயரை நாம் அறியோம். சிங்கப்பூரில் சுதைச் சிற்பம் செய்த கடலூர்க் கைவினைஞர் பெயரையும் நாம் அறியோம். இன்று நம் தெருவிலிருந்து விமானம் ஏறும் அண்ணனின் பெயரை நாம் அறிவோம். அவர் பெயர் அறிந்தே அனுப்பப்பட வேண்டும். பெயரோடும் பெருமையோடும் திரும்ப வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலிருந்து அயல்நாடு சென்று உழைத்துத் திரும்பிய ஒருவரைச் சந்தித்து, அவருடைய பயணம், பணி, அந்நாட்டு மக்களுடனான பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. அயல்நாட்டு வேலைக்குச் செல்லுமுன் சரிபார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் வைக்கத்தக்க துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.

3. 'நாடுகளின் நட்பை வளர்ப்பவை உடன்படிக்கைகளா, உழைப்பாளர்களா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.